பாடியது செல்வராசு

ஐக்கிய அரபு அமீரகத்துப் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் கிளினிக்கில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தேன். அதே கம்பெனியில் டாக்குமென்ட் கண்ட்ரோலராக வேலை பார்த்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து, எழுந்து போயிருக்கிறேன். இப்போதும் அவர் பெயரை எழுதப்போவதில்லை. தான் எழுதிய எதற்கும் அவரே பெயர் போட்டதில்லை.

முதன்முதலில் தலைசுற்றல் என்று வந்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்த மாதம். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எங்களுக்கு அப்போது மருந்து சரியாக வந்து சேரவில்லை. காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் முதுகு வலிக்கும் ஒரே மாத்திரையைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் தன் முறை வரும்வரை சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை ஒன்று விடாமல் படித்தார். ஓர் ஆங்கில அறிவிப்பில் இருந்த எழுத்துப் பிழையைப் பேனாவை எடுத்துத் திருத்தினார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"காய்ச்சல்னு வந்தாலும் வெள்ளை மாத்திரை,
கால் ஒடிஞ்சு வந்தாலும் வெள்ளை மாத்திரை,
காலமே முடிஞ்சாலும் கையில தருவாங்க
கடைசி யாத்திரைக்கு ரெண்டு மாத்திரை."

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் உள்ளே வந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சற்று இறுக்கமாகவே சுற்றினேன்.

"சிஸ்டருக்குக் கோவம்," என்றார். "கோவத்துல சுத்தினா பி.பி. கூடத்தான் காட்டும். எழுதும்போது பத்து கழிச்சு எழுதுங்க."

அன்று சாயங்காலம் இதை என் கணவரிடம் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் துறைமுகத்தில் டெக்னீஷியன். நாங்கள் இருவருமே குமரிக் கடற்கரைக்காரர்கள். "அந்த ஆள ஞாயிற்றுக்கெழம சாப்பிடதுக்கு வரச் சொல்லு," என்றார் அவர். "பேசதுக்கு ஆளு இல்லாமதானே கிடக்கோம்."

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். தூத்துக்குடிப் பக்கம். ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். உயரம், நெற்றி ஏறிய தலை, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்கிற பழக்கம். தங்கியிருந்தது கம்பெனியின் தொழிலாளர் கேம்பில்; கேம்ப் ஆட்களைப் போல வேகமாகச் சாப்பிடுவார். நான் சீலா மீன் குழம்பு வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டால், "உப்பு இருக்கு சிஸ்டர்," என்பார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதுவும் வாங்க முடியாது. எதையும், யாரையும் அவரால் புகழ முடியாது. அழகான வானத்தைக் காட்டினால் அதில் ஒரு குறை சொல்வார். எங்கள் ஜெபக் கூட்டத்தில் நீளமாக ஜெபிக்கும் ஒரு சகோதரர் இருந்தார். அவர் ஆமென் சொல்வதற்குள் குழம்பு ஆறி, சோறு காய்ந்து, கர்த்தரே கொட்டாவி விட்டதாக இவர் ஒரு பாட்டுக் கட்டினார். அந்தச் சகோதரருக்கே அதைச் சொல்லியும் காட்டினார். மறுவாரம் ஜெபம் பாதியாகக் குறைந்தது.

ஊரில் ஒரு கல்லூரியில் ஒன்பது வருடம் கௌரவ விரிவுரையாளராக ஆங்கிலம் நடத்தியவர். "கௌரவத்த மட்டும் மாசா மாசம் குடுப்பாங்க," என்பார். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்த ஒரு கவிஞனைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆட்களைக் கேலி செய்து எழுதுவதில் பெயர் எடுத்த கவிஞன். அவன் பெயரைப் பல முறை சொல்லியிருக்கிறார். எனக்கு அது நாக்கில் நிற்கவில்லை. அவரும் பெரும்பாலும் அவனை "நம்மாளு" என்றுதான் சொல்வார், ஏதோ பக்கத்து பிளாக்கில் தங்கியிருக்கிறவனைப் போல.

ஆராய்ச்சி பாதியில் நின்ற கதையையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர், இவ்வளவு பழைய ஆளை யார் படிக்கிறார்கள், வேறு தலைப்பு எடு என்றாராம். இவர் அந்தப் பேராசிரியர் மீது நாலு வரி எழுதினார். அது ஒரே வாரத்தில் கல்லூரி முழுக்கப் பரவியது.

"மன்னிப்புக் கேட்டிருக்கலாமே சார்," என்றேன்.

"கேக்கத்தான் போனேன் சிஸ்டர். அவர் ரூம் வாசல்ல நிக்கும்போது அஞ்சாவது வரி வந்துட்டு."

என் கணவர் புரையேறிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அஞ்சாவது வரியால்தான் பெண்டாட்டியையும் மகளையும் விட்டுவிட்டு, கன்டெய்னரில் அடித்த ஆபீஸில் உட்கார்ந்து, வரைபடங்களுக்கும் பெர்மிட்டுகளுக்கும் நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

ஒரு நாள் என் கணவர் நேராகவே கேட்டார். "சார், ஒரு ஆளயாவது நல்லா சொன்னா என்ன கொறஞ்சு போகும் உங்களுக்கு?"

"நம்மாளு நெறைய நல்லா சொல்லியிருக்கான்," என்றார் அவர். "நாட்டுல ராஜாவே வேண்டாம்னு ஒருத்தர் ஆண்டாரு. அவர் செத்ததும் அவரப் பத்தி உருகி ஒரு பாட்டு. ஒண்ணரை வருசத்துல பழைய ராஜாவோட மகன் திரும்பி வந்தான். வந்தவனுக்கு வாழ்த்துப் பாடி இன்னொரு பாட்டு. ஜெயிச்ச சண்டைக்கு, பிரபு வீட்டு விசேசத்துக்கு, எல்லாத்துக்கும் பாடியிருக்கான். அதையெல்லாம் இன்னைக்கு என்னைய மாதிரி கிறுக்கன்தான் படிக்கான். ஆனா அவன் ஒருத்தன மண்டுன்னு எழுதினான் பாருங்க, அது முந்நூறு வருசத்துக்கு மேல ஆகியும் அப்படியே உயிரோட கெடக்கு. புகழ்ந்தது சாகும். திட்டினது நிக்கும்."

அந்த மண்டுக்கும் ஒரு கதை இருந்தது. கவிஞன் நடுவயதில் கத்தோலிக்கனாக மாறினான். அப்போது ஆண்ட ராஜாவும் கத்தோலிக்கன். பதவிக்காக மாறினான் என்று எல்லோரும் பேசினார்கள். சில வருடங்களில் அந்த ராஜாவையே நாட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள். புதிய அரசுக்குச் சத்தியம் செய்து கொடுத்தால், தான் வகித்துவந்த அரசவைக் கவிஞன் பதவியில் அப்படியே இருக்கலாம். மற்றவர்கள் செய்தார்கள். அவன் மட்டும் மாட்டேன் என்றான். பதவி போயிற்று. அந்தப் பதவியை, அவன் யாரை மண்டு என்று எழுதினானோ அந்த ஆளுக்கே கொடுத்தார்கள். வயதான காலத்தில் லத்தீன் காவியம் ஒன்றை மொழிபெயர்த்துத்தான் பிழைத்தான்.

இதைச் சொல்லும்போது கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பார். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். "அந்த ஒரு எடத்துலதான் எனக்கு அவன்மேல மரியாத," என்பார். இன்னொன்றும் சொல்வார். கேலி என்றால் அதைக் கேட்கிற ஊர் சிரிப்பது பெரிதில்லை, யாரைச் சொன்னோமோ அவனே சிரித்துவிட வேண்டும், அதுதான் அந்த வித்தையின் உச்சம், நம்மாளுக்கு அது கைவந்திருந்தது என்பார்.

அவருடைய அறையில் வெல்டர் ஒருவர் இருந்தார். தினமும் சாயங்காலம் ஊரில் இருக்கும் சின்ன மகளோடு வீடியோவில் பேசி அழுவார். அதைப் பற்றி இவர் ஒரு பாட்டுக் கட்டினார். அந்தப் பாட்டை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அறையில் எல்லோரும் சிரித்தார்கள். வெல்டரும் சிரித்தாராம். ஆனால் மறுநாளிலிருந்து அவர் அறையில் பேசுவதை விட்டுவிட்டு, வேலை விட்டு வந்ததும் வேலி ஓரம் போய் வெயிலில் நின்று பேச ஆரம்பித்தார். பத்து நாளில் தலைவலி என்று என்னிடம் வந்தார். வெயிலில் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு நான் இவரிடம் சொன்னேன்.  அவர் தட்டில் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். அந்த வாரமே அறையின் மூலையில் திரைச்சீலை கட்டியிருந்த தன்னுடைய கட்டிலை வெல்டருக்குக் கொடுத்துவிட்டு, கதவோரம் இருந்த மேல்கட்டிலுக்கு மாறிக்கொண்டார். ஏன் என்று வெல்டர் கேட்டதற்கு, மூலையில் மூட்டைப்பூச்சி என்றாராம். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. கை மட்டும் ஏதாவது செய்யும்.

கேம்ப் பஸ்ஸை ஓட்டியவர் செல்வராசு. அரியலூர்ப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல குரல். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு சைட்டுக்குப் போகும் இருபது நிமிடமும் பாடிக்கொண்டே ஓட்டுவார். இவர் கட்டுகிற பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டுப் பரப்பியவர் அவர்தான். இவர் கட்டுவார், அவர் பாடுவார். யார் எழுதியது என்று ஒருவரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம் ஆகஸ்டில் ஒரு பிளாக் முழுக்க ஏசி பழுதாகிவிட்டது. மூன்று வாரம் ஆகியும் சரி செய்யவில்லை. அறைக்கு ஆறு பேர். ஆட்கள் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். கிளினிக்குக்கு மயங்கி விழுந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். நான் அறிக்கையில் எழுதி எழுதி அனுப்பினேன். ஆனால் பழுது சரி செய்யப்பட்டது என்று கையெழுத்துப் போட்ட படிவம் இவர் மேசைக்கு வந்திருந்தது. அதற்கும் இவர்தான் நம்பர் போட்டுக் கோப்பில் வைத்தார்.

கையெழுத்துப் போட்ட மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். ஒரு நாள் பார்வையிட வந்தார். காரை ஓட விட்டுவிட்டு இறங்கி, ஓர் அறைக்குள் எட்டிப் பார்த்து, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பிப் போனார். இரண்டாம் நாள் பஸ்ஸில் செல்வராசு பாடினார்:

"ஏட்டிலே ஏசி ஓடுது – எங்க
கூட்டிலே வேர்வை ஓடுது
கேட்டிலே காரை நிறுத்திட்டு – ஐயா
கேட்டாரு 'குளிரு போதுமா?'

காருக்குள் ஏசியைப் போட்டிட்டு – அதைக்
காலியாய் ஓட விட்டிட்டு
ஆறு பேர் தூங்கும் அறையிலே – ஐயா
அரை நிமிசம் நின்னாரு மூக்கைப் பொத்திட்டு."

பஸ்ஸில் யாரோ போனில் பதிவு செய்தார்கள். மயங்கி விழுந்து என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர் எனக்கு அதை அனுப்பினார். கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். மூன்று வாரமாக நான் எழுதிய அறிக்கைகள் எல்லாம் சொல்லாததை அது எட்டு வரியில் சொல்லிவிட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை எங்கள் ஜெபக் குழுப் பெண்களின் வாட்சாப்புக்கு அனுப்பினேன். பதினான்கு பேர் இருந்த குழு. யோசிக்கவே இல்லை.

அதில் ஒரு பெண் மேனேஜரின் குழந்தைகளுக்கு டியூஷன் எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, நீங்க போட்ட பாட்ட மேடத்துக்குப் போட்டுக் காட்டினேன். அவங்க பயங்கரமா சிரிச்சாங்க. சாருக்கும் அனுப்புறேன்னு வாங்கிக்கிட்டாங்க. யாரப் பத்தினதுன்னு எனக்குத் தெரியாது."

திங்கட்கிழமை காலை செல்வராசுவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். குரல் அவருடையது. மறுக்க வழியில்லை. இந்த நாட்டில் ஒருவரைக் கேலி செய்து போனில் அனுப்பினால் போலீஸ் கேஸாகலாம். கேஸ் கொடுக்கவில்லை, விசா கேன்சல் செய்து ஊருக்கு அனுப்புகிறேன் என்றார் மேனேஜர், பெரிய மனது பண்ணுகிற மாதிரி. யார் எழுதியது என்று கேட்டதற்குச் செல்வராசு, "என் தொண்டைங்க சார். நான்தான் பாடுனேன்," என்று மட்டும் சொன்னாராம். வேலையை விட்டு நீக்கும் கடிதம் அன்று மதியம் நம்பர் போடுவதற்காக இவர் மேசைக்கு வந்தது.

நான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "நீ வாயத் திறக்காத. ரெண்டு பிள்ளையள வச்சிருக்கோம். நம்ம விசாவும் இங்கதான் கிடக்கு."

புதன்கிழமை மதியம் இவர் கிளினிக்குக்கு வந்தார். பெஞ்சில் யாரும் இல்லை. சட்டைக் கையைத் தானே மடக்கி மேசையில் வைத்தார். பட்டையைச் சுற்றினேன்.

"மேனேஜர்ட்ட போய்ச் சொல்லிட்டேன்," என்றார். "எழுதினது நான்தான்னு."

"என்ன சொன்னார்?"

"உக்காரச் சொன்னாரு. டீ வரச் சொன்னாரு. எனக்குத் தெரியும் சார்ன்னாரு. இந்தக் கம்பெனியில இப்படி எதுகை போட்டு எழுத வேற யாரு இருக்காங்கன்னு கேட்டாரு. அடுத்த மாசம் ஆடிட் வருது, உங்கள விட்டா எனக்கு ஃபைல் எடுத்துக் குடுக்க ஆளில்ல, டிரைவர் நாளைக்கே பத்துப் பேர் கெடைப்பான்னாரு." கையில் சுற்றிய பட்டையைப் பார்த்தார். "அப்புறம், அந்த மூக்கப் பொத்துற எடம் ரொம்ப நல்லா வந்திருக்கு சார்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. நெசமாவே சிரிச்சாரு சிஸ்டர். ரசிச்சுச் சிரிச்சாரு."

 காற்றை இறக்கினேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு காட்டியது.

"திங்கக்கிழமையே போயிருக்கணும்," என்றார். "லெட்டர் கையில வந்துச்சு. நம்பர் போட்டேன். ரெண்டு நாள் உக்காந்து யோசிச்சேன். மக காலேஜ் முதல் வருசம். அத நெனச்சேன். காலையில அவனக் கூப்பிட்ட உடனே போயிருந்தா லெட்டர் டைப் ஆகியிருக்காது. இப்பப் போனதுக்கு ஒரு டீ கெடச்சுது."

பிறகு அவராகவே அந்தக் கவிஞனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதுவரை எங்களிடம் சொல்லாத ஒரு சம்பவம். ராஜாவையும் அவரைச் சுற்றியிருந்த பெரிய மனிதர்களையும் கேலி செய்து ஒரு பாட்டு, பெயர் போடாமல், கையெழுத்துப் பிரதியாக லண்டனில் சுற்றியதாம். அதை எழுதியது ஒரு பிரபு. ஆனால் இவ்வளவு நன்றாக எழுத வேறு யாரால் முடியும் என்று எல்லோரும் அந்தக் கவிஞனைச் சந்தேகப்பட்டார்கள். ஒரு குளிர்கால ராத்திரி அவன் வீட்டுக்கு நடந்து போகும்போது ஒரு சந்தில் மூன்று பேர் மறித்துக் கட்டையால் அடித்துப் போட்டுவிட்டார்கள். யார் ஏவிவிட்டது என்று கடைசிவரை தெரியவே இல்லை.

"எழுதின பிரபு என்ன செஞ்சான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல. கொஞ்ச வருசம் கழிச்சு வேற ஒரு பாட்டுல, பாவம், அடுத்தவன் பாட்டுக்கு அடி வாங்கினான்னு ஒரு வரி எழுதினான். நம்மாளு செத்துப் பல வருசம் கழிச்சு, அவன் சமாதியில ஒரு நினைவுச் சின்னம் கட்டிக் குடுத்தான். என் தீசிஸ்ல அதுக்கு ஒரு அத்தியாயமே உண்டு. அந்தப் பிரபுவக் கோழைன்னு நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்." சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நாப்பது பக்கம் எழுதினவன் ரெண்டு நாள் எடுத்துக்கிட்டேன்."

கதவருகில் போய்விட்டுத் திரும்பினார். "பஸ்ஸுக்குள்ளயே இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. யாரு வெளிய விட்டான்னுதான் தெரியல."

நான் தலையைக் குனிந்துகொண்டு சீட்டில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினேன். மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

செல்வராசு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினார். அவர் ஓட்டிய அதே பஸ்ஸில், வேறொரு டிரைவர் ஓட்ட, பயணியாக. நான் கிளினிக் வாசலில் நின்று பார்த்தேன். டியூட்டி இல்லாத ஆட்கள் வந்து நின்றார்கள்.  அறையிலிருந்து இவர் செல்வராசுவின் பெரிய பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இவரால் தூக்க முடியாத பை. "குடுங்க சார், நான் தூக்கிக்கிறேன்," என்று செல்வராசு கூடவே கையை நீட்டிக்கொண்டு வந்தார். இவர் கொடுக்கவில்லை. பஸ்ஸின் வயிற்றில் அதை வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் வாய் திறந்தது, மூடியது.

செல்வராசுதான் பேசினார். "வுடுங்க சார். ஊர்ல போயி டிராக்டர் ஓட்டுவேன். அடுத்தது எழுதுனா எனக்கு அனுப்பி வைங்க. அங்க பாடுனா எவனும் கேக்க மாட்டான்."

அதற்குப் பிறகு இவர் ஒரு வரிகூடக் கட்டவில்லை. மெஸ்ஸில் யாராவது, "ஒண்ணு எடுத்து விடுங்க சார்," என்றால், "காலியாயிருச்சு," என்பார். ஏசி சரியானது, ஆடிட்டும் முடிந்தது. மேனேஜர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் நின்று பேசுவாராம், புதிதாக ஏதாவது உண்டா சார் என்று கேட்பாராம். இவர் இல்லை சார் என்று சொல்லிவிட்டு நகர்வாராம். அவருக்கு ஏதோ ஒரு வியாதி வந்துவிட்டது போல ஆட்கள் என்னிடம் வந்து சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை வந்தார். கடைசியாக வந்த ஞாயிறு சாதாரண மத்திக் குழம்புதான் வைத்திருந்தேன். அதிலும் அன்று புளி கூடிப்போயிருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு சிஸ்டர்," என்றார். நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். என் கணவரும் நிமிர்ந்து பார்த்தார். அவர் போன பிறகு, யாரோ ஒருவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது போல இருந்தது.

கான்ட்ராக்ட் முடிந்ததும் அவர் புதுப்பிக்கவில்லை. போகும் முன் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அஜ்மானில், விசாப் படிவங்களும் மனுக்களும் அடித்துக் கொடுக்கும் ஒரு டைப்பிங் சென்டரில் இருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மூன்று வருடம் கழித்து என் கணவருக்கு ஷார்ஜாவில் வேலை மாறியது. வாடகை குறைவு என்று நாங்களும் அஜ்மானுக்குக் குடிவந்தோம். என் அம்மாவுக்கு விசிட் விசா எடுக்க வேண்டியிருந்தது. வேறு சென்டர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தன. நான் அவர் இருக்கும் இடத்தைத்தான் விசாரித்துக்கொண்டு போனேன். கணவர் காரிலேயே இருந்தார். எதற்காகப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். இந்த முறை தடுக்கவில்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், மூக்குக் கண்ணாடி வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்கு முன்னால் ஒரு பங்களாதேஷ்காரருக்காகச் சம்பளம் வராதது பற்றி மனு ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார். அதைத் திரையில் பார்த்தேன். நேரான, சுருக்கமான வாக்கியங்கள். என் படிவத்தையும் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தார். மகள் படிப்பு முடித்துவிட்டாள் என்றார். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்.

"செல்வராசு எப்படி இருக்காரு சார்?" என்று கேட்டேன்.

"ரியாத்ல. பத்தாங்கிற ஏரியாவுல ரூம். தண்ணி லாரி ஓட்டுதான். ஊர்ல ஒரு வருசம் இருந்து பாத்தான், முடியல. மாசம் ஒரு தடவ நான் போன் பண்ணுவேன். எடுத்த உடனே, புதுசா எதாச்சும் எழுதுனீங்களா சார்னு கேப்பான். இல்லடான்னு சொல்லுவேன். சரி சார், வந்தா அனுப்புங்கன்னுவான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் ஒரு தடவ திட்டிட்டா நல்லாருக்கும் சிஸ்டர். திட்ட மாட்டேங்கான்."

அதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. கண்ணாடித் தடுப்பில் இருந்த ஓட்டை வழியாகக் குனிந்து, "சார், அந்தப் பாட்டு வெளிய போனது," என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தினார். கோபமாக இல்லை. சாலையைக் கடக்கும்போது கூட வருகிறவரை நிறுத்துவது போல.

"வேண்டாம் சிஸ்டர்."

"நான் ஒண்ணு சொல்லணும் சார். மூணு வருசமா…"

"நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுல யார் பேராவது எனக்குத் தெரிஞ்சா, பாதிய அந்த ஆளு தலையில எறக்கி வச்சிருவேன். எனக்கு லேசாயிரும். லேசாயிட்டா மறுபடியும் எழுத ஆரம்பிச்சிருவேன். என்னைய எனக்குத் தெரியும். முதல் பாட்டு அந்த ஆளப் பத்தித்தான் இருக்கும்."

என் பின்னால் நின்றவர் டோக்கனைக் கண்ணாடியில் தட்டினார். இவர் என் படிவத்தை உறையில் போட்டு, உறையை ஓட்டை வழியாகத் தள்ளினார். "அம்மா வந்ததும் கூட்டிட்டு வாங்க," என்றார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

காரில் ஏறி உட்கார்ந்தேன். கணவர் உடனே வண்டியை எடுக்கவில்லை.

"சொன்னியா?" என்று கேட்டார்.

"கேக்க மாட்டேன்னுட்டாரு."

"அப்போ அவருக்குத் தெரியும்."

"தெரியாது," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உறையைத் திறந்து படிவத்தை எடுத்தேன். அம்மாவின் பெயர், பிறந்த ஊர், பாஸ்போர்ட் எண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன். வண்டி நகர்ந்த பிறகும், வீடு வந்து சேரும்வரை, அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.